தார்ப்பாய்க்கு அடியில்

சின்னாறு காட்டுக்குள் ஒரு வளைவு திரும்பியதும் டிரைவர் பஷீர் பாய் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். நடுரோட்டில் ஒற்றை யானை நின்றது.

டூர் ஏற்பாடு செய்வதுதான் என் பிழைப்பு. மூணாறுக்கு மேலே, வரையாடு மேயும் மலைமேட்டுத் தேசியப் பூங்காவுக்கு நினைத்தவுடன் கிளம்ப முடியாது. ஆடுகள் குட்டி போடும் காலத்தில் பூங்கா மூடியிருக்கும். ஆன்லைனில் ஸ்லாட் பிடிக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் காட்டு செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூர்ப் பக்கத்து விவசாயி தங்கவேல் குடும்பத்துக்கு இதையெல்லாம் ஒழுங்காகத்தான் பிளான் போட்டிருந்தேன். வழியில் மறையூரில், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். சரி என்றேன்.

வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து என்னை எல்லையோரக் கோபாலபுரத்தில் ஏற்றியது. மேலே கேரியரில் தார்ப்பாய் கட்டியிருந்தது.

"மேல என்னங்க?" என்று கேட்டேன்.

"துணிமணிதானுங்க" என்றார் தங்கவேல்.

இப்போது யானை தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்தது. பிறகு நேராக எங்களிடம் வந்தது.

"ஆரும் பேசாதீங்க" என்றார் பாய், உதடு அசையாமல்.

யானை டிரைவர் பக்கம் வந்து நின்று, தும்பிக்கையைக் கேரியருக்கு நீட்டியது. வேன் ஆடியது.

"துணிக்கா இப்படி வருது?" என்று கிசுகிசுத்தேன்.

தங்கவேலின் மனைவி ருக்மணிதான் பதில் சொன்னார். "பலாப்பழமுங்க. ஈரச் சாக்கு போட்டு மூடித்தான் வெச்சோம். பொண்ணு ஊட்டுக்கு வெறுங்கையோட எப்படிங்க போறது?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அவர் மருமகளின் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்து அழுதால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

யானை தார்ப்பாயோடு சேர்த்து இழுத்தது. கயிறு அறுபடவில்லை. மறுபுறம், நான் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரங்கள் எழும்பி விழுந்தன. இன்னொரு இழுப்பு இழுத்தால் வேன் கவிழும்.

"முடிச்சு உங்க ஜன்னலுக்கு மேலதானுங்க" என்றார் தங்கவேல். "தொங்கற நுனியை இழுத்தாப் போதும், அவுந்துக்கும்."

வைக்கோல் பாரத்துக்குப் போடுகிற முடிச்சு அது. கையை வெளியே நீட்டினேன். நுனி சிக்கியது, நழுவியது, மறுபடி சிக்கியது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். தார்ப்பாயும் மூட்டையும் பழமும் மொத்தமாக அந்தப் பக்கம் சரிந்து விழுந்தன. குழந்தை சிணுங்க, மருமகள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். யானை பழத்தின் பக்கம் குனிந்தது. பாய் இன்ஜினைப் போடாமலே பிரேக்கை விட்டார். இறக்கத்தில் வேன் சத்தமில்லாமல் உருண்டது.

மறையூரில் மகள் வீட்டு வாசலில் அவர்கள் வெறுங்கையோடுதான் இறங்கினார்கள். மறுநாள் பூங்காவில் வரையாடுகள் பக்கத்திலேயே வந்து நின்றன. நான் யானை வருமோ என்று புதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பும்போது சின்னாறு வழியை விட்டுவிட்டு அடிமாலி, திருச்சூர் என்று சுற்றிக்கொண்டு வந்தோம். ஏன் இவ்வளவு சுற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிளான் என்றால் டிக்கெட்டும் நேரமும் என்று நினைத்திருந்தேன். இப்போது நானே கேரியரில் ஏறி, ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து மோந்து பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்கிறேன். "எங்களைச் சந்தேகப்படறீங்களா?" என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.