டேப்லெட்டுக்குப் பொட்டு வைத்தது நான்தான்

பெரியவளே, சின்னவளே, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அந்த டேப்லெட் விஷயத்தில் அம்மா மேல் நீங்கள் போட்ட பழி தப்பு. போன வாரம் அவள் மிக்சியைத் துடைக்கப் போனபோதும் அதையே சொல்லிக் காட்டினீர்கள். வாயால் சொன்னால் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நூலகத்தில் உறுப்பினர்களுக்குப் பதினைந்து நாளைக்கு டேப்லெட்டும், இன்டர்நெட் தருகிற உள்ளங்கை அளவுப் பெட்டியும் இரவல் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் பேரில் அட்டை போட்டேன். பெரியவளே, உனக்காகத்தான். அரசுத் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிற நிலையத்தில் இடம் கேட்டிருந்தோம். வீடியோவில் முகம் பார்த்துப் பேசித்தான் ஆள் எடுப்பார்களாம். நம் வீட்டில் இருந்தது பொத்தான் போன். அதில் எங்கே முகம் தெரிய?

கையெழுத்து வாங்கும்போது நூலகத்து அம்மா, "பத்திரமா வச்சுக்கிடுங்கண்ணே" என்றார்கள். "மில்லுல இருவது வருசமா மிஷினு பாக்குறவன்மா நான்" என்றேன். அந்தப் பெருமையில்தான் வந்தது வினை.

இடையில் ஆயுத பூஜை. மில்லில் அன்றைக்கு ஸ்பேனரைக்கூடப் பொட்டு இல்லாமல் விட மாட்டோம். அதே கையோடு வீட்டுக்கு வந்து தையல் மிஷின், சைக்கிள், மிக்சி எல்லாவற்றுக்கும் வைத்தேன். டேப்லெட் மட்டும் வெறும் நெற்றியோடு கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. நடு நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி வேறு. பொட்டு வைக்கிற இடத்தைக் கம்பெனிக்காரனே குறித்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்தேன்.

மறுநாள் அம்மா ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். மேலே இருந்தது போய்விட்டது. கீறல் விழாமலிருக்க மேலே ஒட்டியிருந்த கண்ணாடியில் புள்ளியைச் சுற்றி ஒரு குழி உண்டு. அதற்குள் போன சந்தனம் காய்ந்து உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் பத்து மணிக்கு நேர்காணல். ஒன்பதரைக்கு நீ டேப்லெட்டைத் திறந்தால், உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மோரைக் கொட்டினது போல இருந்தது.

"நீ ஏம்மா ஈரத்துணிய வச்சுத் தேச்ச? தண்ணி உள்ள போயிருச்சு" என்று நீ அம்மாவிடம் பாய்ந்தாய்.

"பட்டும் படாமத்தானடி தொடச்சேன்."

"மொகம் தெரியலன்னா எடுக்கவே மாட்டாக. ஒரு வருசம் போச்சு."

சின்னவள் சும்மா இருந்தாளா? "அம்மா அத தோசைக்கல்லுன்னு நெனச்சுட்டா" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கும் அம்மா மேல்தான் சந்தேகம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் பிடித்துப் போய் வேறு டேப்லெட் வாங்கிவர நேரம் இல்லை. நீ நூலகத்துக்குப் போன் போட்டாய். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாட்ட குடும்மா" என்றார்கள். நான் வாங்கினேன்.

"அண்ணே, பூஜைக்குப் பொட்டு வச்சியளா?"

"வச்சேன்."

"நெத்தியிலயா?"

"வேற எங்கம்மா வைக்க?"

"அண்ணே, அதுதான் கேமரா. காலையில இருந்து நீங்க மூணாவது ஆளு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஓஹோ, செட்டிங்ஸா? சரி சரி" என்று உரக்கச் சொன்னேன். அவர்கள் சிரிக்கிற சத்தம் உங்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம். நனைத்துப் பிழிந்த பஞ்சால் மெதுவாக எடுக்கச் சொன்னார்கள்.

"எல்லாரும் செத்த நேரம் வெளிய நில்லுங்க. இது டெக்னிக்கல் வேலை" என்று கதவைச் சாத்தினேன். தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக் குழியைத் துடைத்தேன். இருபது வருஷம் மிஷின் பார்த்தவன், ஒரு தீக்குச்சியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். 'ஒரு வருசம் போச்சு' என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. பத்துக்கு ரெண்டு நிமிஷம் இருக்கையில் உன் முகம் தெளிவாக வந்தது, நீ பூசியிருந்த விபூதி முதற்கொண்டு.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியுது" என்றாள் சின்னவள். நான் மறுக்கவில்லை.

நீ பேசிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் அம்மா என்னிடம் வந்தாள். கையில் அந்தப் பஞ்சு. முகர்ந்து பார்த்தாள்.

"செட்டிங்ஸ் நல்லா மணக்குதே."

"பிள்ளைககிட்ட சொல்லிராத."

"திருப்பிக் குடுக்கப் போறப்ப அரைக்கிலோ பால்கோவா. சூடா இருக்கணும்."

நாலாம் நாள் உனக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. கெடு முடிந்து டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு நான் வாங்கிவந்த பால்கோவா அதற்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். "டேப்லெட்டக் கெடுக்கப் பாத்தவளுக்கு எதுக்கு இம்புட்டு?" என்று அம்மாவைக் கேலி வேறு. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வாய் அள்ளிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் மாடிக்குப் போன பிறகு, சட்டைப்பையிலிருந்து நூலக அட்டையை எடுத்தேன். சந்தனம் தொட்டு அதன் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். கறுப்புப் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.