காதுக்கு மட்டும் ஒரு கேலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈமேக்ஸ் ஓர் எடிட்டரே அல்ல. அது ஒரு மூட்டை. அதைச் சுமந்துகொண்டு அலைகிறவர்களுக்கு, ஓயாமல் ஓரத்துக் கீயை அமுக்கி அமுக்கிச் சுண்டுவிரல் வலிக்குமே தவிர புத்தி தெளியாது. இதை ஜஹீராவின் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன் என்பதால், இங்கே எழுதுவதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைத் தட்டுவதற்கு எடிட்டர் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். எத்தனையோ எடிட்டர்கள் உண்டு. ஆனால் சண்டை என்று வந்தால் அது இரண்டு கட்சிக்காரர்களுக்குத்தான்: விம், ஈமேக்ஸ். நாங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கி இன்னும் ஓயாத சண்டை. பெரிய தேடுபொறியில் போய் விம்முக்கு மூத்ததான 'விஐ'யின் பெயரைத் தட்டினால், 'ஈமேக்ஸைச் சொல்கிறீர்களா?' என்று கேட்கும். ஈமேக்ஸ் என்று தட்டினால் 'விஐயைச் சொல்கிறீர்களா?' என்று கேட்கும். அதை எழுதிய புண்ணியவான்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எங்கள் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறார்கள்.

நான் விம் கட்சி. பெயர் செந்தில்வேல். பழனி அடிவாரத்தில் எங்கள் அப்பா பக்தர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். தைப்பூசக் கூட்டத்தில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடும் சத்தத்திலேயே வளர்ந்த காது என்னுடையது. வேலை மட்டும் மேலே கொடைக்கானலில். நாயுடுபுரத்தில் ஒரு காட்டேஜை வாடகைக்கு எடுத்து, ரோகிணி மேடம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறார்.

என் மேஜைக்கு அடுத்த மேஜை ஜஹீராவுடையது. கொடைக்கானல் கடைவீதியான ஏழு ரோட்டில் சாக்லேட்டும் தைலமும் விற்கும் யாகூப் பாயின் மகள். பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுடைய ஈமேக்ஸ் அவளிடம் பேசும். எழுதிய ஒவ்வொரு வரியையும் காதில் வாசித்துக் காட்டும், அதுவும் எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத வேகத்தில். அவள் திரை எப்போதும் அணைந்தே கிடக்கும். கேட்டால் "கரண்டு பில் மிச்சம்" என்பாள்.

"செந்திலண்ணே, உங்க விம்முக்குள்ள போனதும் எழுத விடாதாமே? மொதல்ல ஒரு கீயைத் தட்டி பெர்மிஷன் கேக்கணுமாமே?"

"அது ஒழுங்கு, ஜஹீரா. கண்டபடி ஏறி எறங்க அதென்ன பஸ் ஸ்டாண்டா?"

"உள்ள எழுதப் பெர்மிஷன். வெளிய வர ஒரு மந்திரம். வெளிய வரத் தெரியாம மெஷினையே அணைச்சுட்டு ஓடுனவுக எத்தனை பேருன்னு கேட்டுப் பாருங்க."

அது உண்மைதான். விம்முக்குள் மாட்டிக்கொண்டு முழித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இடத்தில் எப்போதும் டீ குடிக்க எழுந்துவிடுவேன்.

அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு பெரிய வேலை. பழனியிலும் மலைமேலும் இருக்கும் விடுதிக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, அறை தேடுவதற்கு ஓர் இணையப் பக்கம் செய்து கேட்டிருந்தார்கள். 'பூண்டி, நாலு பேர், வெந்நீர் வேணும்' என்று எப்படித் தட்டினாலும், எவ்வளவு பிழையோடு தட்டினாலும், சரியான வீட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்தின் மூளை முழுக்க ஜஹீரா எழுதியது. நான் அதற்குச் சட்டை மாட்டிவிட்டவன், அவ்வளவுதான்.

ஒரு நாள் டீ நேரத்தில், தேடுபொறிகளில் ஒளித்து வைத்திருக்கும் விளையாட்டுகளை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த எடிட்டர் கேலியைத் தட்டியபோது ஜஹீராவின் மெஷினும் அதை வாசித்தது. எங்களைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். பிறகு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினேன். பக்கம் கோணலாகச் சாய்ந்தது. இன்னொன்றைத் தட்டினேன், பக்கமே ஒரு குட்டிக்கரணம் அடித்தது. அந்த உற்சாகத்தில், எங்கள் பக்கத்தில் நானே ஒளித்து வைத்திருந்ததையும் காட்டினேன். 'மூடுபனி' என்று தட்டினால் திரை மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போகும். ரோகிணி மேடம்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன, என்ன சிரிப்பு?" என்றாள் ஜஹீரா. அவளும் அதையேதான் தட்டியிருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

"அது ஒண்ணுமில்ல ஜஹீரா... பார்த்தாத்தான் புரியும்."

சொன்ன பிறகுதான் வாயைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "சரி, சோலி கெடக்கு" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அந்த வாரமே சங்கத் தலைவர் சுவாமிநாதன் வேலையைப் பார்க்க வந்தார். பழனியில் பெரிய விடுதி வைத்திருப்பவர், நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் என்னை எரிச்சல்படுத்தியது. ஜஹீராவின் இருண்ட திரையைப் பார்த்தவர், அவள் அங்கேயே இருப்பதை மறந்துவிட்டவர் போல ரோகிணி மேடத்திடம் பேசினார்.

"ஏம்மா, ஜனங்க கண்ணால பாக்குற பக்கத்தைப் பார்வையில்லாத பாப்பா எப்பிடிம்மா பாத்துக்கும்? பக்கத்தை இந்தத் தம்பிகிட்ட குடுங்க. பாப்பாவுக்கு லேசா ஒரு சோலி பாத்துக் குடுங்க, பாவம். அடுத்த மாசம் கமிட்டியோட வர்றேன், அன்னைக்கு முடிவு பண்ணிருவோம். அப்புறம் அந்த மூடுபனி மாதிரி விளையாட்டு கிளையாட்டெல்லாம் இருந்தா எடுத்துருங்க, என்ன?"

அவர் கார் கிளம்பியதும் ஜஹீரா எழுந்து நின்றாள்.

"மேடம், பக்கம் என் கையை விட்டுப் போச்சுன்னா நானும் போயிருவேன். பெங்களூர்ல கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. இந்த மலையில இருந்துக்கிட்டே சம்பாதிக்கணும்னுதான் நான் இங்க ஒக்காந்திருக்கேன். பாவம் பாத்துக் குடுக்குற சோலி எனக்கு வேண்டாம்."

சங்கம் கை கழுவினால் கம்பெனியே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கோ, ஈமேக்ஸ் எங்கள் ஆபீசை விட்டுத் தொலைய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் அவளும் சேர்ந்து போய்விட்டால்? அடுத்த மேஜையில் வம்பிழுக்க ஆள் இல்லாமல் நான் விம்மை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதற்குப் பிறகு ஜஹீரா எந்நேரமும் போனும் கையுமாகவே இருந்தாள். வெள்ளனே ஆபீசுக்கு வந்துவிடுவாள். நான் வரும்போதே யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள்.

"யார்கிட்ட இப்பிடிப் பேசிக்கிட்டே கெடக்குற?"

"போட்டோ கேக்குறேன்ணே."

விஷயம் இதுதான். விடுதிக்காரர்கள் அனுப்பிய படங்களுக்கு நம்பரைத் தவிர வேறு பெயர் இல்லை. நமக்கு வீடும் தோட்டமும் தெரியும் இடத்தில் அவள் காதில் வெறும் நம்பர் விழும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு விளக்க வரி எழுதி வைக்கலாம். அது திரையில் தெரியாது. பார்வையில்லாதவர்களின் போன் மட்டும் அதை வாசித்துச் சொல்லும். எங்களிடம் கேட்டபோது "ஒரு ரூம், ஒரு கட்டில்" என்று சொல்லிவிட்டு வெரசா நழுவிவிட்டோம். அதனால் ஒவ்வொரு விடுதிக்கும் அவளே போன் போட்டு, 'உங்க படத்துல என்னங்க இருக்கு?' என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கமிட்டி வருவதற்கு முன் ரோகிணி மேடமும் நாங்களும் உட்கார்ந்து, பக்கம் முழுவதையும் திரை திரையாகப் பார்த்தோம். என் மூடுபனியை எடுத்தாயிற்று. விளையாட்டு எதுவும் மிச்சமில்லை என்று திருப்தியாக எழுந்தோம்.

கமிட்டி வந்தது. சுவாமிநாதன் நடுவில் உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்களில் மலைமேல் பூண்டி கிராமத்தில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் சிவமுருகனும் ஒருவர். சர்க்கரை நோயில் பார்வை போனவர். மருமகள் வடிவு கையைப் பிடித்துக் கூட்டிவந்து மூலை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் தன் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் சுவரில் பக்கத்தைக் காட்டி விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜஹீரா கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் சுவாமிநாதன். "நான் அன்னைக்குச் சொன்னதுதாம்மா. இனிமே இதைத் தம்பியே..."

மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிவமுருகன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"என்னய்யா, என்ன சிரிப்பு?" என்றார் சுவாமிநாதன். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். ஒரு வீடு, ஒரு கேரட் வயல். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"அது பார்த்தாப் புரியாதுங்கய்யா" என்றாள் ஜஹீரா. "கேட்டாத்தான் புரியும்."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சிவமுருகன் போனின் சத்தத்தைக் கூட்டி உயர்த்திப் பிடித்தார். அந்த மெஷின் குரல், செய்தி வாசிக்கிற தோரணையில், கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னது:

"பூண்டி. ஓட்டு வீடு. முன்னால் கேரட் வயல். வலது ஓரத்தில் குடையோடு வீட்டுக்காரர். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னதைக் காதில் வாங்காமல் நாயை வைதுகொண்டிருக்கிறார். நாய் சிரித்த முகமாக இருக்கிறது."

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தக்கா போன்ல படத்துல என்ன இருக்குன்னு கேட்டாக, மாமா. நான் இருந்ததைத்தான் சொன்னேன்."

"ஏய்யா சாமிநாதா" என்றார் சிவமுருகன். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, ஆனால் குரல் உடைந்திருந்தது. "இந்தப் போட்டோ எடுக்கையிலயே எனக்குக் கண்ணு போயிருந்துச்சு. என் வீடு படத்துல எப்பிடி இருக்குன்னு இன்னைக்குவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல. நான் அதுல நிக்கிறேன்னே எனக்குத் தெரியாதுய்யா."

அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் விடுதியைக் கேட்க வேண்டும் என்றார்கள். சிவமுருகனின் போன் கை மாறிக்கொண்டே இருந்தது, சிரிப்பும் அதோடு சேர்ந்து நகர்ந்தது. கடைசியில் யாரோ தலைவருடைய விடுதியைத் தட்டிவிட்டார்கள்.

"பழனி. நாலு மாடிக் கட்டடம். மேல்மாடியில் நின்றால் மலைக்கோயில் முழுசாகத் தெரியும் என்கிறார் உரிமையாளர். நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இடது ஓரத்தில், மலையைப் பாதி மறைத்தபடி, பக்கத்துக் கட்டடத்தின் சிமெண்ட் சுவர் நன்றாகவே தெரிகிறது. எங்கள் ஆபீசில் பார்வையுள்ள ஒருவர் கண்ணிலும் அதுவரை அது படவில்லை.

"விளையாட்டெல்லாம் எடுக்கச் சொன்னேன்ல ஜஹீரா?" என்றார் ரோகிணி மேடம், மெல்லிய குரலில்.

"இது விளையாட்டு இல்ல மேடம். படத்துக்கு விளக்கம்."

சுவாமிநாதன் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அன்றுதான் முதல்முறையாக அவளிடமே நேருக்கு நேர் பேசினார். "ஏம்மா, அன்னைக்குப் போன் பண்ணது நீயா? படத்தைப் பாக்காமலே அந்தச் செவுரை எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"நீங்க வெரசா போனை வச்சீங்கய்யா. அதுலயே தெரிஞ்சுபோச்சு."

அவர் தொண்டையைச் செருமினார். நெற்றியைத் தடவினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பக்கம் இந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்" என்றார். "வேற யாரும் தொட வேண்டாம்."

கிளம்பும்போது ஒருவர் தன் விடுதிக்கும் நல்ல கேலியாக ஒன்று எழுதித் தரச் சொன்னார். "கேட்டு வாங்குனா அது கேலி இல்லீங்க, விளம்பரம்" என்று அனுப்பிவிட்டாள். எனக்கு அன்று இருந்த பெருமையை எழுத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு இருந்திருக்காது. எங்கள் ஆபீசு, எங்கள் பெண், எனக்கு அடுத்த மேஜை என்று வாசலில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

எல்லோரும் போன பிறகு ஜஹீரா தன் ஹெட்போனைக் கழற்றி என் மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, உங்க எடிட்டர் பேரை நம்ம பக்கத்துல தட்டிப் பாத்தீங்களா?"

தட்டினேன். திரையில் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று மட்டும் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய மெஷினில் மறுபடி தட்டினேன். தைப்பூசத்தில் அடிவாரத்து மைக்கில் எப்படிச் சொல்வார்களோ, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, அப்படியே வந்தது:

"பழனியிலிருந்து வந்த செந்தில்வேல், விம்முக்குள் போய் நெடுநாளாகியும் திரும்பவில்லை. அவர் எங்கிருந்தாலும் உடனே வெளியே வரவும். ஈமேக்ஸ் வாசலில் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்."

நான் வெளியே வரவில்லை. இன்றும் விம்மில்தான் இருக்கிறேன், ஈமேக்ஸ் இன்றும் மூட்டைதான். ஆனால் ஆபீசுக்கு யார் வந்தாலும் முதலில் பிடித்து உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, என்னைக் கூப்பிடும் அந்த அறிவிப்பைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் டீ கொடுக்கிறேன்.