பாவா சொன்ன மூன்று தடைகள்

"சித்திரை, இரண்டாம் ஞாயிறு. மாலை ஐந்தேகால். அக்கா வீடு. அடுத்த ஞாயிறு பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போவது முடிவாயிற்று. பாவா மூன்று தடை சொன்னார். மூன்றும் நிற்கவில்லை."

என் நோட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

பண்ணை என்றால் நிஜப் பண்ணை இல்லை. மணவூர்ப் பக்கம், பிள்ளைகளுக்காகக் கட்டிய இடம். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் முயலுக்குக் கீரை ஊட்டலாம், சேற்றில் நாற்று நடலாம், மாட்டு வண்டியில் ஒரு சுற்று வரலாம். என் மகளின் வகுப்பில் யாரோ போய் வந்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

பாவா என்பது அக்காவின் கணவர். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்டவர். நிலத்தை விற்ற பிறகு, திருவள்ளூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டு தினமும் காலை ரயிலில் போய்வந்தார். அவர் சொன்னதை எல்லோரும் நம்பினோம். என் பிள்ளைகள் தெருவில், "எங்க மாமா ஆபீசரு" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்த இரண்டாம் ஞாயிறுக்குப் பத்து நாள் முன்பு, பண்ணையின் நேரம் பார்க்க அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்தேன். முதல் படத்திலேயே பாவா. பச்சைத் தலைப்பாகை, ஒட்டுவைத்த வெள்ளை மீசை, கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சி, சுற்றிலும் பிள்ளைகள். கீழே "நம்ம உழவர் தாத்தா" என்று எழுதியிருந்தது. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. படத்தைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. என் மகளுக்குக் காது குத்திய அன்று, எங்கள் ஊர் மலையடிவாரச் சத்திரத்தில், சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம், பாவா என் பையிலிருந்து நோட்டை எடுத்து உரக்கப் படித்தார். என் மனைவி என்னோடு பேசாமல் இருந்த நாட்களை நான் வரிசையாகக் குறித்து வைத்திருந்த பக்கம் அது. "நாப்பத்தொண்ணு! எண்ணிகினே இருந்திருக்கான்பா! இவன் கக்கூசு போறதுக்கும் டைம் போடுவான்." பந்தி முழுவதும் சிரித்தது. என் மனைவி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அதையும் குறித்து வைத்தேன்.

ஆகவே அந்த மாலை, பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "பாவா, அடுத்த ஞாயிறு எல்லாரும் மணவூர்ப் பண்ணைக்குப் போலாம்னு இருக்கோம்."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "வியாழக்கெழம கிருத்திகை மச்சான். நம்ம மலைக்கோயில் கும்பல் ஞாயிறு வரைக்கும் கீழ எறங்காது. வண்டி நவுராது."

"போன மூணு சித்திரையிலயும் கிருத்திகைக்கு மறுநாள் காலைலயே ரோட்டத் தெறந்துட்டாங்க. எழுதி வச்சிருக்கேன்."

"வெயிலு கொளுத்துது. கத்திரில கொழந்தைங்கள இட்டுகினு..."

"கத்திரி இன்னும் ஆரம்பிக்கல பாவா."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்கு வியர்த்திருந்தது. "இன்னாடா கீது அங்க? ரெண்டு மாடு, நாலு முயலு. நம்மூர்ல இல்லாத மாடா? அதப் போயி சீட்டு வாங்கிப் பாக்கணுமா?"

"ரெண்டு மாடுன்னு எப்பிடித் தெரியும்?"

"ரயில்ல போறப்போ பாப்பேன்."

"ஸ்டேஷன்லருந்து ரெண்டு கிலோமீட்டரு பாவா. சுத்தி மதிலு."

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். என் ஐந்து வயது மகன் அவர் மடியில் ஏறி, "மாமா, நீயும் வா மாமா. மாட்டு வண்டில என் பக்கத்துல குந்திக்கோ" என்றான். அவர் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "மாமாவுக்கு அன்னிக்கு டூட்டிடா கண்ணு. போய்ட்டு வாங்க" என்றார். அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை பாவா எப்போதும்போல ரயிலுக்குக் கிளம்பிப் போனதாக அக்கா சொன்னாள். எங்களுக்குப் புளிசாதத்தை அவளே பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். வழியெல்லாம் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வண்டியருகே போய், "பாவா, இங்கயா டூட்டி?" என்று கேட்பதாக ஏற்பாடு.

தார்க்குச்சியோடு வேறு ஒருவன் நின்றிருந்தான். இளைஞன். தலைப்பாகை மட்டும் அதே பச்சை. மாடுகள் அவனுக்குக் கட்டுப்படவில்லை. குச்சியால் தட்டத் தட்ட ஒன்று படுத்தேவிட்டது. வண்டிச் சவாரி இன்று கிடையாது என்று அறிவித்தார்கள். என் மகன் புழுதியில் உட்கார்ந்து அழுதான்.

தண்ணீர் பிடிக்கும் சாக்கில் சீட்டுக் கொடுப்பவரிடம் தனியாகப் போனேன். கைப்பேசிப் படத்தைக் காட்டி, "இவரு எங்க?" என்று கேட்டேன்.

"தாத்தாவா? முந்தாநேத்தே நின்னுட்டாருங்க. சொந்தக்காரங்க வராங்களாம், கொழந்தைங்க முன்னாடி இந்த வேஷத்துல நிக்க முடியாதுன்னாரு. அன்னிக்கு மட்டும் லீவு குடுங்கன்னு கேட்டாரு. லீவுநாள் கூட்டம், எங்க மொதலாளி குடுக்கல." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றார். அரக்கோணம் என்று ஊரை மாற்றிச் சொன்னேன்.

பாவா அன்று இரவு வழக்கமான ரயிலில் திரும்பினார். மேலும் ஒன்பது நாட்கள் அதே ரயிலில் போய்வந்தார். எங்கே போனார் என்று தெரியாது. பத்தாம் நாள், கிடங்கை மூடிவிட்டார்கள் என்றார். இப்போது வீட்டில் இருக்கிறார். என் நோட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. என் பிள்ளைகள் போனால் பாயிலிருந்து எழுந்து உட்காருகிறார், அவ்வளவுதான்.

பண்ணையில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பொட்டலம் மிஞ்சியது. வேன் டிரைவரையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர், பொட்டலம் ஏழு. "எனக்குக் குடு அத்த" என்று என் மகள் கேட்டாள். அக்கா தரவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைப் பிரிக்காமல் பைக்குள் வைத்து வீட்டுக்கே திருப்பி எடுத்துவந்தாள்.

அந்த ஏழாவது யாருக்காகக் கட்டியது என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கை தவறிக் கட்டியதாகவும் இருக்கலாம். உறுதி செய்யப்படாதது என்றே நோட்டில் குறித்திருக்கிறேன்.