நான் வட்டத்துக்குள் சுற்றமாட்டேன்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துப் பிழையும் இருக்கும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி விரல்கள் விறைத்துவிட்டன, பேனை சரியாகப் பிடிபடாது. ஆனாலும் நான் ஓடியதைப் பற்றிக் கடைத்தெருவில் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். ஓடியது நான். நானே எழுதுகிறேன்.

கடைத்தெருவில் ஓர் அக்கா கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறார். முன்பக்கம் போட்டோக்கொப்பி, போன் ரீலோட். பின்பக்கம் நான்கு கொம்பியூட்டர்கள். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே போர்விமான விளையாட்டு நடக்கும். நான் யாரோடும் அதிகம் கதைக்காத ஆள். அந்தக் கதிரையில் இருந்தால் கதைக்கத் தேவையில்லை. அதற்காகவே போகத் தொடங்கினேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு விமானங்கள் எதிரெதிராக வந்து, ஒன்றையொன்று கடந்ததும் சண்டை தொடங்கும். உடனே இரண்டு பேரும் திரும்பி, ஒருவர் வாலை மற்றவர் பிடிக்கச் சுற்ற வேண்டும். வட்டத்தை விட்டு விலகுபவன் ‘ஓடினவன்’. ஓடினவன் எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

என்னோடு எப்போதும் மோதுவது கிண்ணியாவிலிருந்து வரும் ஓட்டோக்காரத் தம்பி. அவனுடைய விமானம் இலேசானது. நின்ற இடத்திலேயே திரும்பும். என்னுடையது பாரமானது, ஆனால் வேகம் அதிகம்.

“அண்ணன், அந்த எருமைய உட்டுட்டு என்ட மாதிரி ஒண்ட எடுங்களன்” என்பான்.

எடுத்துப் பார்த்தேன். என் விறைத்த விரலுக்கு அது துள்ளித் துள்ளி விழுந்தது. எருமைதான் எனக்குச் சரி.

பல ஞாயிறுகள் அவனோடு வட்டத்துக்குள் சுற்றினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் காட்டும் முள் இறங்கும். வேகம் போனபின் என்னிடம் என்ன இருக்கிறது? அவன் உள்ளே குறுக்கே வந்து என் வாலில் நிற்பான். ஒருநாள் வெறுத்துப்போய் விலகிப் பறந்தேன். ஆனால் பயத்தில் அவசரப்பட்டுத் திரும்பினேன். அவன் கிட்டவே நின்றான், எருமையின் அகலமான வயிற்றைக் காட்டி அடி வாங்கினேன். இன்னொரு நாள் அவன் முன்னாலேயே செங்குத்தாக ஏறினேன். பாதியில் வேகம் செத்து, மரத்தில் பலாப்பழம் போலத் தொங்கினேன். சுட்டான். இரண்டு நாளும் தேத்தண்ணி என் கையால்தான்.

இந்த நிலையில் மூதூர்க் கடை ஒன்றோடு போட்டி வந்தது. நான்கு பேர் வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது கதிரை எனக்கா, ஓட்டோக்காரத் தம்பிக்கா என்பதை ஒரே சண்டையில் தீர்ப்பதாக அக்கா சொன்னார். எனக்கு அந்தக் கதிரை வேண்டும். வாழ்க்கையில் எதையும் வாய்திறந்து கேட்டவனல்ல நான். அன்று கேட்டேன், “நானும் விளையாடுறன் அக்கா.”

கடந்தோம். அவன் திரும்பினான். நான் திரும்பவில்லை.

“அண்ணன் ஓடுறாரு! தேத்தண்ணிக்குக் கேத்திலை வைங்க!” என்று கத்தினான். கடை முழுவதும் சிரித்தது.

“ஓம், ஓடுறன்” என்றேன்.

விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் பதித்து நேராகப் போனேன். காது சுட்டது. திரும்பு திரும்பு என்று கை துடித்தது. அவன் சிறு புள்ளியாகும்வரை திரும்பவில்லை. பிறகு மெதுவாக உயரம் எடுத்தேன். அதன்பிறகே திரும்பி, அவனுக்கு மேலிருந்து இறங்கினேன். ஒரு தரம் சுட்டேன், தவறியது. அவன் சட்டென்று திரும்பினான், பின்னால் வா என்று கூப்பிடுவது போல. போகவில்லை. வந்த வேகத்தில் மறுபடி நேராகத் தொலைவுக்குப் போனேன். சிரிப்பு குறைந்தது. இரண்டாம் தரம் இறங்கியபோது அவன் சுற்றிச் சுற்றி வேகமிழந்து கிடந்தான். இறக்கை உடைந்து விழுந்தான்.

“இது செல்லாது!” என்று எழும்பினான். “வட்டத்த உட்டுட்டாரு. சட்டம் சட்டம்தான்.”

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, வழக்கம் அதுதானே. முதல்ல போய்த் தேத்தண்ணிய ஊத்துங்கோ. பிறகு கதைப்பம்.”

 நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“ஊத்தமாட்டன் அக்கா. ஓடினவன் திரும்பி வரமாட்டான். நான் ரெண்டு தரம் வந்தனான். மூதூரிலயும் இப்பிடித்தான் பறப்பன். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ.”

அந்தக் கடையில் நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுவே முதல் தரம்.

“விழுந்தவன் ஊத்தட்டும்” என்றார் அக்கா.

ஓட்டோக்காரத் தம்பி முணுமுணுத்துக்கொண்டு ஊற்றினான். என் கோப்பையில் வேண்டுமென்றே சீனியை அள்ளிப் போட்டிருந்தான். “குடிங்க எருமைக்காரரே” என்றான். நாலாவது கதிரையில் இருந்தபடியே முழுவதையும் குடித்தேன்.

நாளை காலை மூதூருக்குப் போகிறோம். அங்கேயும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2024 ஆவணி 31, சனிக்கிழமை