ஒழுகாத ராக்கெட்

குழாய் ரிப்பேர்க்காரரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாது. அந்த வகையில் அவள் கொடுத்துவைத்தவள்தான். மனுஷன் அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், கை கழுவப் போன இடத்தில் வாஷரை மாற்றிவிட்டுத்தான் திரும்பி வருவார். சொட்டுச் சத்தம் காதில் விழுந்தால் போதும், அவருக்குச் சாப்பாடு இறங்காது.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. முதல் புருஷன் இறந்தபிறகு இவரைக் கட்டிக்கொண்டு, மகளோடு இந்த வீட்டுக்கு வந்தாள் அவள். வந்ததிலிருந்து மகள் இவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தாலும், "அம்மா, அந்தத் தட்டை இங்க தள்ளச் சொல்லு" என்பாள். நடுவில் அம்மாதான் தபால்காரி.

"அப்பான்னு கூப்பிட்டா வாய் வெந்தா போயிடும்?" என்று ஒருநாள் மகளை அதட்டினாள். இவர்தான் தடுத்தார்.

"விடும்மா. அந்த வார்த்தை அவ அப்பாவுக்கு உள்ளது. நமக்குன்னு ஏதாவது ஒண்ணு வராமலா போயிடும்?"

எத்தனை பேருக்கு இப்படிச் சொல்ல மனசு வரும்? ஆனாலும் மகள் "அம்மா!" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம், அவர் தலையும் சேர்ந்து நிமிரும்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ராக்கெட் செய்துவரச் சொன்னார்கள். கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி தண்ணீர், வாயில் ஒரு கார்க், கார்க்குக்குள் சைக்கிள் வால்வு. கவிழ்த்து நிறுத்திப் பம்ப் அடித்தால், உள்ளே காற்று சேர்ந்து கார்க்கைத் தள்ளிவிடும். தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே பறக்கும்.

பெருமை பிடிபடாமல் அவரே செய்துகொடுத்தார். மொட்டை மாடியில் வைத்து அடித்தார், அடித்தார், வியர்த்துக் கொட்ட அடித்தார். பாட்டில் அசையவே இல்லை.

"ஒரு சொட்டு ஒழுகுதா பாரு!" என்றார். கார்க்கைச் சுற்றி வெள்ளை டேப், அதன்மேல் பைப் ஒட்டுகிற பசை!

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, கார்க் பிடுங்கிக்கிட்டு வந்தாத்தானே ராக்கெட் போகும்? ஒட்டிவெச்சா எப்படிப் போகும்னு கேளு."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மறுபடி புதுக் கார்க், புதுப் பாட்டில். பசையை அலமாரியில் வைத்துப் பூட்டும்படி மகளிடமே சொன்னார்.

பள்ளி மைதானத்தில் மகள் முறை வந்தது. பாட்டிலை நிறுத்திவிட்டுப் பம்ப்பை அழுத்தினாள். பிள்ளைகளும் பார்க்க வந்த பெற்றோரும் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம். பாட்டில் விறைத்துக்கொண்டு நின்றது. கார்க் ஓரத்தில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. பிறகு இன்னொன்று.

அம்மா திரும்பினாள். பக்கத்தில் இருந்த மனுஷனைக் காணோம்! கயிற்றைத் தாண்டி, விரலில் டேப்போடு, பாட்டில்மேல் குனிந்துகொண்டிருந்தார். கை பழகிய பழக்கம், என்ன செய்வது?

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தபால் போட நேரமில்லை.

"யோவ்! தள்ளிப் போய்யா!"

மைதானமே திரும்பியது. அவர் சட்டென்று பின்னால் சாய்ந்தார். மூக்கு தப்பியது. பாட்டில் சீறிக்கொண்டு கிளம்பி, தண்ணீர் முழுவதையும் அவர்மேல் கொட்டிவிட்டு, பள்ளிக்கூடக் கூரைக்கு மேலே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்கள். அவர் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. முகத்தில் தண்ணீர் வழிய, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா ஓடிவந்தாள். "பெரியவங்களை இப்படியாடி கூப்பிடுவே?"

"சும்மா இரும்மா," என்றார் அவர். "எனக்குன்னு வந்த வார்த்தை. நீ புகுந்து கெடுத்துடாதே."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

வீடுவரைக்கும் சட்டையிலிருந்து சொட்டச் சொட்டத்தான் நடந்துவந்தார். அந்தச் சத்தம் அவர் காதில் விழவே இல்லை.