தள்ளித் திறக்கும் கீபோர்டு போனுடன் வாடிப்பட்டியிலிருந்து கப்பலூருக்கு

போன வாரம் புதன்கிழமை வாடிப்பட்டியிலிருந்து கப்பலூர் தொழிற்பேட்டைக்கு வேலை கேட்டுப் போனேன். கட்டில் பின்னும் நைலான் கயிறு செய்கிற சின்னக் கம்பெனி அது. கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆர்டர்களை டைப் செய்ய ஒரு பெண் தேவை என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் பதினெட்டு வயது, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இது கிடைக்காவிட்டால் பெரியம்மா மகளோடு திருப்பூர் மில்லுக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஒரே அறையில் பத்துப் பேரோடு இருப்பது என்னால் முடியாது. அதனால்தான் இந்தப் பயணம். நம் பக்கத்திலிருந்து கப்பலூருக்கு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும், என் போனைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போனைப் பற்றி முதலில். பழைய போன் விற்கும் சித்தப்பாவின் கடையில் இது யாரும் வாங்காமல் கிடந்தது. பார்க்க மற்ற ஸ்மார்ட்போன் மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் தடிமன். திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து கீபோர்டு வரும், உண்மையான பொத்தான்கள். ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் தமிழ் ஒலியை அப்படியே தட்டினால் தமிழில் விழும். எங்கள் வீட்டில் எல்லாரும் இப்போது வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புகிறார்கள். எனக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் போனைப் பார்த்துப் பேச வராது. அதனால் எனக்கு இது சரி.

காலை எட்டேகாலுக்கு வாடிப்பட்டியில் ஆரப்பாளையம் போகும் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஜன்னல் சீட் கிடைத்தது. சமயநல்லூர் தாண்டும் வரை இந்தக் கட்டுரையில் போனைப் பற்றிய பத்தியை டைப் செய்தேன். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டாலும் விரல் பொத்தான் மேலேயே இருக்கிறது, பிழை வரவில்லை. கண்ணாடித் திரையில் இதே பத்தியைத் தட்டியிருந்தால் பாதிச் சொற்களை அதுவே மாற்றியிருக்கும். பரவை, விளாங்குடி வழியாக ஒன்பதே முக்காலுக்கு ஆரப்பாளையம். அங்கிருந்து காளவாசலுக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம்.

காளவாசலில் திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். இந்தப் போனின் பெரிய குறை இங்கேதான் தெரியும். டைப் செய்ய இரண்டு கையும் வேண்டும், நின்றுகொண்டு போகும்போது ஒரு கை கம்பிக்குப் போய்விடும். பஸ் காளவாசல் மேம்பாலத்துக்கு அடியிலேயே நின்றது. முன்னால் ஒரு லாரி பழுதாகிக் கிடக்கிறது என்றார்கள். மணி பத்தேகால். என்னைப் பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார் கம்பெனியை நடத்தும் செல்வி அக்கா. பதினொன்றுக்கு மேல் அவர் வெளியே போய்விடுவார். வேறொரு பெண்ணும் வருகிறாள், இருவரில் ஒருவரைத்தான் எடுப்பேன் என்றும் முதல் நாளே மெசேஜில் சொல்லியிருந்தார்.

தாமதமாகும் என்று மெசேஜ் அனுப்ப நினைத்தேன். சீட்டில் இருந்த அம்மா கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் போனைத் தள்ளித் திறந்தேன். அதே நொடியில் செல்வி அக்காவின் அழைப்பு வந்திருக்கிறது. இந்தப் போனில் அழைப்பு வரும்போது கீபோர்டைத் திறந்தால் அழைப்பை எடுத்ததாகிவிடும், குரலும் ஸ்பீக்கரில் வரும்.

அதற்கு முந்தைய நாட்களில் இரண்டு முறை அவர் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. “சொல்லுங்க அக்கா” என்று மெசேஜ்தான் போட்டேன். இப்போது அவர் குரல் கேட்டது.

“என்ன பாப்பா, வாரியா? இல்ல வந்திருக்க பிள்ளையவே உக்காரச் சொல்லிரவா?”

பழக்கத்தில் என் கட்டைவிரல்கள் பதிலைத் தட்ட ஆரம்பித்துவிட்டன. திரையில் எதுவும் விழவில்லை. போனை மூடினால் அழைப்பு நின்றுவிடும். மூடியிருக்கலாம்.

“பேசு தாயி,” என்றார் பையை வைத்திருந்த அம்மா. “எடுத்துப்புட்டு முழிக்கிற.”

“டிக்கெட்டுதான் ஃப்ரீன்னா பேச்சும் ஃப்ரீதான் பாப்பா, சும்மா பேசு,” என்றார் கண்டக்டர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

திறந்தபடியே போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். “வாரேன்க்கா. காளவாசல் பாலத்துக்கு அடியில பஸ்ஸு நிக்குது. பதினொண்ணுக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் யாரையும் எடுத்துராதீங்க.”

“சரி, வா,” என்று வைத்துவிட்டார்.

பைபாஸ் ரோட்டில் டிரைவர் நன்றாகவே ஓட்டினார். கப்பலூர் நிறுத்தத்தில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் பத்து நிமிடம் நடை. உள்ளே போகும்போது பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. நந்தினி என்ற அந்தப் பெண் ஏற்கெனவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட வேகம். டைப்பிங் வேலை அவளுக்குத்தான் என்று அக்கா நேராகவே சொன்னார். நான் கிளம்பப் பையை எடுத்தேன்.

“இரு. போன்ல பேசுற வேலை ஒண்ணு இருக்கு, பாக்குறியா? எம்புட்டுக் கயிறு வேணும், எப்ப வேணும்னு கடைக்காரங்ககிட்ட கேக்கணும்.”

எனக்குப் பேச வராது என்றேன்.

“நானும் உனக்கு வாய் பேச வராதுன்னுதான் இம்புட்டு நாளா நெனச்சேன். எங்க நிக்கிற, எப்ப வருவ, என்ன வேணும். அந்தச் சத்தத்துலயும் மூணையும் சொல்லிட்டேல்ல. எங்க கடைக்காரங்க அரை மணி நேரம் பேசி ஒண்ணையும் சொல்ல மாட்டாங்க.”

ஹாஸ்டலை நினைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஏழரை பஸ்ஸைப் பிடியுங்கள், காளவாசலை நம்பாதீர்கள். போக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸிலேயே போனால் பெண்களுக்குச் செலவில்லை, மற்ற பஸ் என்றால் டிக்கெட் உண்டு. போன் வாங்குபவர்கள் திறந்தால் அழைப்பை எடுக்கும் வசதியை செட்டிங்ஸில் நிறுத்திவைக்கலாம். தள்ளும் இடத்தில் தூசி சேரும், பழைய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். நின்றுகொண்டே பயணம் செய்பவர்களுக்கு இது வேண்டாம்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். கம்பெனி போனில் கடைகளுக்குப் பேசுகிறேன். என் போனை மேசையில் திறந்து வைத்து, சொல்ல வேண்டியதை முதலில் டைப் செய்து, அதைப் பார்த்து வாசிக்கிறேன். நேற்று திண்டுக்கல் கடைக்காரர் ஒருவர் நான் டைப் செய்து வைக்காத ஒன்றைக் கேட்டார். வெயிலில் கிடந்தால் நீலக் கயிறு என்ன ஆகும் என்று. வெயிலில் கிடக்கும் எங்கள் வீட்டுக் கட்டிலை நினைத்து, நிறம் மங்கும், சீக்கிரம் அறாது என்று டைப் செய்யாமலே சொன்னேன்.