பானெட்டில் பிளாஸ்திரிக் கறை

நாங்கள் யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து என் மனைவியின் அண்ணன் என்னோடு பேசியதில்லை. சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வார். அவள் என்னிடம் சொல்வாள். எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைமேல் பள்ளியில் எனக்கு வேலை. தலைப்பிரசவத்துக்குத் தங்கையைப் போளூருக்கு அழைத்துப்போகத் தன் பியட் காரில் வந்தார். புதிதாக வெளிர்நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"பொட்டிய வண்டியில வெக்கச் சொல்லும்மா" என்றார். நான் அவருக்கு எதிரேதான் நின்றிருந்தேன்.

பெட்டியை வைப்பதற்குள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. சுகாதார நிலைய நர்ஸம்மா பார்த்துவிட்டு, "நேரா போளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்டுங்க. இன்னிக்கி அங்க தேரு, ஒரே கூட்டம். இதப் பாத்தா வழி வுடுவாங்க" என்று அகலப் பிளாஸ்திரியைப் பானெட்டில் பெரிய கூட்டல் குறியாக ஒட்டினார். புதுப் பெயிண்ட்மேல் அது ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் வண்டியைக் கிளப்பினார். தேர்க்கூட்டம் வழிவிட்டது. மகள் பிறந்தாள்.

பிறகு உரித்தபோது துணி மட்டும் வந்தது, பசை நின்றுவிட்டது. வெயிலில் இறுகி, தெருப்புழுதி ஏறி, நீலத்தின்மேல் கறுப்பாகக் கூட்டல் குறி. "இன்னாப்பா, வண்டிய ஆஸ்பத்திரிக்கே எழுதிக் குடுத்துட்டியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அண்ணன் தினமும் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. எங்களுக்காக விழுந்த கறை அது. அதை எடுத்தாவது அவர் மனதில் கொஞ்சம் இடம் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போளூர் வீட்டு வாசலில், சவர பிளேடை எடுத்துக்கொண்டு போய்க் கறையைச் சுரண்ட அதன் ஒரு மூலையில் வைத்தேன்.

"யோவ் மாப்ள! பிளேட கீழ போடுங்க! பெயிண்ட்டு பூடும்!"

பல் தேய்த்த நுரையோடு கிணற்றடியிலிருந்து ஓடிவந்தார். பிளேடைக் கீழே போட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜன்னலில் என் மனைவி சிரித்தாள். "பரவால்லையே, நான் இல்லாமயே பேசிட்டீங்க." பிறகு ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்த கையை வெளியே நீட்டிக் காட்டினாள். "அம்மா இந்தப் பிசுக்கத் தேங்கா எண்ணெ வெச்சிதான் எடுத்தாங்க."

காரை நிழலுக்குத் தள்ளினோம். எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் தேய்த்தோம். பசை சின்னச் சின்னத் திரியாகச் சுருண்டு வந்தது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கைகள் நடுவில் வந்து சேர்ந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தோம்.

"கொயந்த யாரு ஜாட?" என்றார், துணியைப் பார்த்தபடி. என்னைத்தான் கேட்டார்.

"மூக்கு அப்படியே உங்க மூக்கு, மச்சான்."

"சும்மா சொல்றீங்க" என்றார். பிறகு துடைத்த இடத்தில் குனிந்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் மூக்கைப் பார்த்துக்கொண்டார்.